பொம்மை இருக்கிறது, விதிநூல் எங்கே?

போர்வீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில் சிங்கப்பூர் இளையர் சிலருக்கும் ஆர்வம் உண்டு. வண்ணம் பூசிய பொம்மைகள் பல்லாண்டு நிலைக்கும். விதிநூலோ கடைகளிலிருந்து விரைவில் மறைந்துவிடுகிறது.

காரணம் வணிகம். விதிநூலை ஒருமுறை வாங்கினால் போதும். பொம்மைகளைத்தான் தொடர்ந்து வாங்குவர். புதிய பதிப்பு வந்தால் புதிய பொம்மைகளும் விற்கும். பிரிட்டனின் ‘வார்ஹேமர் 40,000’ விளையாட்டுக்கு 2017, 2020, 2023ல் புதிய பதிப்புகள் வந்தன. 1983ல் தொடங்கிய ‘வார்ஹேமர் ஃபேன்டசி’ 2015ல் நிறுத்தப்பட்டு, 2024ல் வேறு வடிவில் திரும்பியது.

ஆடும் முறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. எழுத்துக்கும் படத்துக்கும் உண்டு. அதனால் பழைய நூலைப் பிறர் அப்படியே அச்சிட முடியாது. எச்.ஜி. வெல்ஸ் 1913ல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ உரிமைக்காலம் முடிந்து, இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நமது ஆடு புலி ஆட்டத்துக்கு உரிமையாளரே இல்லை. தேக்காவில் சாமான் வாங்கிவந்த அட்டைப்பெட்டியில் கோடு போட்டு, மூன்று கற்களைப் புலிகளாகவும் 15 புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்தால் போதும். அதை எந்த நிறுவனமும் நிறுத்த முடியாது.

ஆனால் ஊருக்கு ஊர் மாறும் அதன் விதிகள் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் உள்ளன. வரும் பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியுடன் ஆடிப் பார்த்து, அவர்கள் சொல்வதை எழுதி வைக்கலாம்.