கட்டற்ற மென்பொருள் வெளியீடும் தமிழ் இடைமுகமும்: உறைநிலைக் காலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழ் வடிவம், புதிய பதிப்பு வெளியாவதற்கு முந்தைய சில வாரங்களில் முடிவாகிறது. அப்போது இடம்பெற்ற சொல் அப்பதிப்பு வழக்கில் உள்ள காலம் முழுவதும் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. அந்த ஆயத்த நடைமுறையில் எழும் இலக்கணச் சிக்கல்களையும், வெளியீட்டு அறிவிப்புக்கும் பாயிர மரபுக்கும் உள்ள ஒப்புமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், வெளியீடு, சர உறைநிலை, தமிழாக்கம், பாஸ் லினக்ஸ், பாயிரம்

முன்னுரை

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அத்திட்டத்தின்வழி வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் இடம்பெற்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களும் மாநிலத்தின் பிற மாணவர்களைப் போலவே இத்திட்டத்திற்கு உரியவர்களாக இருந்தனர். இணைய இணைப்பில்லாத வீட்டில் அக்கணினியைத் திறக்கும் மாணவருக்கு, வழங்கிய நாளில் எந்தப் பதிப்பு அதில் இருந்ததோ அதுவே மென்பொருள். அப்பதிப்பில் எந்தத் தமிழ் இருந்ததோ அதுவே கணினித் தமிழ். அதில் உள்ள பிழையைப் பின்னர் யாரேனும் எங்கேனும் திருத்தினாலும் அத்திருத்தம் அவரை எளிதில் எட்டாது. ஆதலால் அத்தமிழ் எப்போது, எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பது கணித்தமிழ் ஆய்வில் கேட்கப்பட வேண்டிய வினா.

ஒரு சொல்லின் பயணம்

பாஸ் லினக்ஸ் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு 2007 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளிவந்தது. அது டெபியன் என்னும் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. டெபியனோ, க்னோம் முதலிய பல தனித் திட்டங்களின் மென்பொருள்களைத் திரட்டி ஒழுங்குசெய்து வெளியிடுவது. எனவே திரையில் தெரியும் ஒரு தமிழ்ச் சொல் மூன்று வெளியீடுகளைக் கடந்தே பயனரிடம் வருகிறது.

காலக்கணக்கு இதனைத் தெளிவாக்கும். க்னோம் 2.30 பதிப்பு 2010 மார்ச் இறுதியில் வெளியானது. அதனை ஏற்ற டெபியன் 6, 2010 ஆகஸ்டில் உறைநிலை அடைந்து 2011 பிப்ரவரி 6 அன்று வெளியானது. அடுத்த நிலையான பதிப்பாகிய டெபியன் 7, 2013 மே மாதத்திலேயே வந்தது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் இட்ட மொழிபெயர்ப்பு, ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுகள் டெபியனின் நிலையான பதிப்பில் நின்றது. நிலையான பதிப்புகளுக்கு இடையில் வரும் திருத்த வெளியீடுகள் பாதுகாப்புக் குறைகளையும் கடுமையான வழுக்களையும் களைவதற்கே உரியவை. பொருந்தாத தமிழ்ச் சொல்லைக் கடுமையான வழுவாக யாரும் கருதுவதில்லை.

சர உறைநிலை

திரையில் தோன்றும் ஆங்கிலத் தொடர்களை நிரலிலிருந்து பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக மொழிபெயர்ப்பை இடும் முறைக்கு குனூ திட்டத்தின் கெட்டெக்ஸ்ட் கருவி பெரிதும் பயன்படுகிறது. மூலத் தொடர் சிறிது மாறினாலும், ஒரு காற்புள்ளி கூடினாலும்கூட, பழைய மொழிபெயர்ப்பை அது ‘ஐயத்திற்குரியது’ எனக் குறித்துவிடும். ஐயம் நீக்கப்படாத மொழிபெயர்ப்பு இயல்பாக இறுதித் தொகுப்பில் சேராது. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். சென்ற பதிப்பில் தமிழாக இருந்த பட்டி இப்பதிப்பில் ஆங்கிலமாகக் காட்சியளிப்பதற்கு இது முக்கியமான காரணம். மொழிபெயர்ப்பாளரின் அலட்சியம் என்று இதனைப் பழிப்பது பல வேளைகளில் பொருந்தாது.

இந்நிலையைத் தவிர்க்கவே வெளியீட்டுக்கு முன் ‘சர உறைநிலை’ அறிவிக்கப்படுகிறது. க்னோம் திட்டம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பை வெளியிடுகிறது. அதற்கு முன்னுள்ள வாரங்களில் முதலில் இடைமுகத் தோற்றமும், பின்னர் சரங்களும், இறுதியில் நிரலும் படிப்படியாக உறையும். சரங்கள் உறைந்தபின் ஒரு மூலத் தொடரை மாற்ற விரும்பும் நிரலாளர் மொழியாக்கக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். பிற நாள்களில் நிரலாளருக்குப் பின்னே ஓடும் மொழிபெயர்ப்பாளருக்கு, நிரலாளரை நிறுத்திவைக்கும் உரிமை கிடைப்பது இச்சில வாரங்களில் மட்டுமே.

வேற்றுமையும் எண்ணும்

இவ்வாரங்களில் நிகழ்வது சொல்லுக்குச் சொல் இடுதல் அன்று. பயனர் ஒரு கோப்பை நீக்க முற்படும்போது மென்பொருள் கேட்கும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘நீக்கு’ என்னும் வினைக்குப் பின் கோப்பின் பெயர் மாறுதலின்றி அப்படியே வந்து அமரும். நிரலில் அவ்விடம் ஓர் இடங்காட்டிக் குறியால் நிரப்பப்பட்டிருக்கும். தமிழில் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்கவேண்டும். கோப்பின் பெயர் ‘கதை’ எனில் ‘கதையை’ என உடம்படுமெய் தோன்றும். ‘பாடம்’ எனில் ‘பாடத்தை’ என அத்துச் சாரியை வரும். ‘வீடு’ எனில் ‘வீட்டை’ என ஒற்று இரட்டும். நிரலுக்குப் புணர்ச்சி தெரியாது. இடங்காட்டிக்குப் பின் ‘ஐ’ என்று எழுதிவைத்தால் ‘பாடம்ஐ’ என்றே அச்சாகும்.

இதற்கு உகந்த வழி, ‘பாடம் என்னும் கோப்பை நீக்கலாமா?’ எனப் பொதுப்பெயர் ஒன்றைக் கொணர்ந்து உருபை அதன்மேல் ஏற்றுவது. எந்தப் பெயர் வந்தாலும் தொடர் சிதையாது. ஆயினும் தொடர் நீள்கிறது. ஆங்கிலத்தின் அளவுக்கு வரையப்பட்ட பொத்தானிலோ பெட்டியிலோ அது அடங்காமல் போகலாம். அதைக் கண்டறிய மொழிபெயர்ப்பாளர் சோதனைப் பதிப்பை இயக்கிப் பார்க்கவேண்டும்.

எண்ணும் இவ்வாறே. கெட்டெக்ஸ்டில் தமிழுக்கு ஒருமை, பன்மை என இரு வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ‘ஐந்து கோப்பு’ என்பது தமிழில் வழு அன்று. பால்பகா அஃறிணைப் பெயர் விகுதியின்றியே பன்மையையும் உணர்த்தும். அதனால் ஒரே வடிவம் போதும் என்று தோன்றலாம். ஆனால் ‘ஒரு கோப்பு நீக்கப்பட்டது’, ‘ஐந்து கோப்பு நீக்கப்பட்டன’ என வினைமுற்று வேறுபடுகிறது. தமிழுக்கு இரண்டு வடிவங்கள் தேவைப்படுவது பெயரைவிட வினையின் பொருட்டே. இலக்கணம் கற்றவருக்கு எளிதாகிய இந்நுட்பம், பட்டியலில் பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிச் செல்லும் தன்னார்வலருக்கு நழுவிவிடுகிறது.

சோதனைப் பதிப்பு

இறுதி வெளியீட்டுக்கு முன் ‘வெளியீட்டு வேட்பு’ எனப்படும் பதிப்பு சோதனைக்கு விடப்படுகிறது. தமிழுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள். குறியீடுகளை மட்டும் எண்ணும் மென்பொருள், எழுத்தின் நடுவே சொல்லை வெட்டிவிடும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைச் சமமாகக் கொள்ளாத தேடுபொறி, இருக்கும் சொல்லை இல்லை என்று சொல்லும். ‘ஸ்ரீ’ என்பதன் சிக்கல் இன்னும் கூடுதலானது. 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ தனிக் குறியீடாகச் சேர்ந்தபின், ஒரே தோற்றமுடைய அவ்வெழுத்து இருவகைக் குறியீட்டுத் தொடர்களால் எழுதப்படுகிறது. அவை ஒருங்குறி நெறிப்படி சமமானவையும் அல்ல.

எழுத்துகளைத் திரையில் உருவமைக்கும் நிரற்கூறு புதிய பதிப்பில் மாறும்போது, முன்பு சரியாக இருந்தது பிழையாகவும் கூடும். டெபியன் நிறுவியில், தமிழ் முதலிய சிக்கலான எழுத்துமுறைகள் வரைகலை வடிவில் மட்டுமே காட்டப்படுகின்றன. வெறும் எழுத்துத் திரையில் அவற்றுக்கு இடமில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் வேட்புப் பதிப்பை நிறுவிப் பார்க்காவிடில், இத்தகைய வழு உறைநிலையைக் கடந்து நிலையான பதிப்புக்குள் சென்றுவிடும்.

அறிவிப்பும் பாயிரமும்

சோதனை முடிந்தபின் பதிப்பெண் இடப்பட்டு, மூலநிரல் பொதியப்பட்டு, அது இடையில் மாற்றப்படவில்லை என்பதற்கு மின்னொப்பமும் சரிபார்ப்புத் தொகையும் இணைக்கப்படுகின்றன. பின்னர் அறிவிப்பு.

வெளியீட்டு அறிவிப்பின் உறுப்புகளைத் தமிழ் ஆய்வாளர் காணும்போது நன்னூல் கூறும் சிறப்புப் பாயிர இலக்கணம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆக்கியவர் பெயர், நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை அறிவிப்பிலும் உண்டு. பெயரிடுவதில் டெபியனுக்குத் தனி மரபு இருக்கிறது. ஆறாம் பதிப்பின் ‘ஸ்குவீஸ்’ உள்ளிட்ட பெயர்கள் ‘டாய் ஸ்டோரி’ திரைப்பாத்திரங்களுடையவை. ‘வழி’ என்னும் உறுப்பு இங்கு மிகப் பொருந்துகிறது. முதல்நூலின் முடிபை ஏற்று, வேண்டிய வேறுபாடுகளுடன் அமைவது வழிநூல். டெபியனுக்கும் பாஸ் லினக்சுக்கும் உள்ள உறவு அதுவே. ‘எல்லை’ மென்பொருளில் மொழியும் நாடும் இணைந்த குறியாகிறது. இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனி எல்லைகள். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பேசப்படும் தெலுங்குக்கோ தனி எல்லை இல்லை.

வேறுபாடு ஒன்றும் உண்டு, அது சிறிதன்று. பாயிரம் நூலின் குறையைச் சொல்வதில்லை. வெளியீட்டுக் குறிப்பு ‘அறிந்த வழுக்கள்’ என்று தனிப் பகுதி வகுத்துச் சொல்கிறது. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இயங்குதள முயற்சியை அறிவித்தபோதே, அது பிற கணினி வகைகளுக்குப் பெயராது என்றும் குறிப்பிட்ட வகை வன்தட்டுகளுக்கு மேல் ஆதரிக்க வாய்ப்பில்லை என்றும் எழுதினார். குறையை முன்கூட்டிச் சொல்வது பயனரின் தரவைக் காக்கிறது. திருத்த வருபவருக்கு வேலையையும் காட்டுகிறது. தமிழில் மென்பொருள் அறிவிப்புகள் நூல்வெளியீட்டு விழா வாழ்த்துரையின் நடையைப் பின்பற்றும்போது முதலில் விடுபடுவது இப்பகுதியே.

க்னோம் 2 வரிசையின் வெளியீட்டுக் குறிப்புகள், சரங்களில் 80 விழுக்காடேனும் மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளையே ஆதரவுள்ள மொழிகளாகப் பட்டியலிட்டன. அவ்வளவை எட்டியிருக்கும் ஒரு தமிழ்ப் பதிப்பில் ‘பாடம்ஐ’ இருந்தாலும் விழுக்காடு குறையாது; அளவுகோல் நிரப்பப்பட்ட சரங்களை எண்ணுகிறதேயன்றி அவற்றின் புணர்ச்சியைப் பார்ப்பதில்லை. அதனைப் பார்க்க வல்லவர்கள் தமிழ்த்துறைகளில் இருக்கிறார்கள். க்னோம் கால அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. மார்ச், செப்டம்பர் வெளியீடுகளுக்கான உறைநிலை வாரங்கள் பெரும்பாலும் கல்லூரிப் பருவங்களுக்குள் வருகின்றன. ஒரு வகுப்பு மாணவர்கள் தலைக்கு நூறு சரங்களை எடுத்துக்கொண்டு உருபும் வினைமுற்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழைகளை மொழியாக்கக் குழுவுக்கு உறைநிலை முடியுமுன் அனுப்பினால், அவை அப்பருவ வெளியீட்டிலேயே சேரும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வெளியீட்டுக்கு ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். டெபியன் உறைநிலைக்கு முந்தைய வெளியீட்டைத் தவறவிட்டாலோ, அதன் அடுத்த நிலையான பதிப்பு வரை.