‘ஆஃப்’ என்றால் விடுமுறைதானா?

சென்ற ஆண்டு மீமிசல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாயார், தம் மகளுடன் மத்ரஸாவுக்கு வந்தார். கையில் இனிப்புப் பொட்டலம். “ஹஜ்ரத், துபாயில் இருக்கும் மகனுக்கு ஆஃப் கொடுத்துவிட்டார்கள். பெருநாளுக்கு வந்துவிடுவான். துஆ செய்யுங்கள்” என்றார். மகள் காட்டிய கைப்பேசியில் நிறுவனத்தின் ஆங்கிலக் கடிதம் இருந்தது. அதில் ‘லெய்டு ஆஃப்’ என்ற தொடரைக் கண்டதும் என் நெஞ்சு கனத்தது. விடுமுறை அன்று, வேலை போய்விட்டது. வாய்விட்டுச் சொல்ல மனமின்றி, மகன் கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தான்.

அன்பு வாசகர்களே! அந்தப் பெண்ணைக் குறை கூறாதீர்கள். ‘லே’ என்றால் கிடத்துதல். நம் பேச்சில் ‘ஆஃப்’ என்றால் ஓய்வுநாள். அவள் இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்திலோ, வினையோடு சிறு சொல் சேரும்போது புதுப்பொருள் பிறந்துவிடுகிறது. அயலார்க்கு மிகுந்த இடர் தருவது இதுவே என்று, 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே ஒப்புக்கொண்டார்.

இது நமக்குப் புதிதன்று. தமிழில் ‘காட்டிக் கொடுத்தான்’ என்றால் துரோகம். அரபியில் ‘தஆ’ என்ற வினையோடு ‘லி’ சேர்ந்தால் ஒருவருக்காகப் பிரார்த்தித்தல். ‘அலா’ சேர்ந்தால் அவருக்கு எதிராகப் பிரார்த்தித்தல். ஓர் இடைச்சொல், வாழ்த்தைச் சாபமாக்கிவிடுகிறது!

‘லே ஆஃப்’ என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், மூலப்பொருள் தட்டுப்பாடு, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர இயலாமையே அதன் பொருளாக இருந்தது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். நிரந்தர ஆட்குறைப்புக்கு வேறு சொல் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் இன்றைய வழக்கிலோ, பெரும்பாலும் அது வேலைநீக்கத்தையே குறிக்கிறது.

ஆகவே, இத்தகைய கடிதம் வந்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். திரும்பப் பணியேற்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளதா? முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு? நிலுவை ஊதியமும் பணிக்கொடையும் எப்போது வரும்? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் இவற்றைத் தர வேண்டும் என்கிறது. விடை தெளியுமுன், ‘அனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையொப்பமிட வேண்டாம்.

அன்றே அம்மகனுடன் பேசினோம். அப்படியொரு தாள் அவன் முன்னும் இருந்தது, கையெழுத்திடாமல் நிறுத்திக்கொண்டான். தாயார், இனிப்பை மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

பொருள் கேட்பது இழுக்கன்று. தெரியாமல் ஒப்பமிடுவதே இழப்பு.