எத்தனை கிலோ தாங்குவாய்?

யோங் பெங்கில் தேநீர்க் கடைக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே ஓடும் பேருந்தும் லாரியும் இளைப்பாறிப் போகிற ஊர் இது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். சாரம் கட்டும் வேலையில் பல வருடம் கூலிக்கு இருந்தவன், இப்போது சொந்தமாகச் சின்னக் கம்பெனி தொடங்கியிருக்கிறான். தே தாரிக் வருவதற்குள் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். எண்ணெய், எரிவாயுத் துறைச் சங்கம் ஒன்று உறுப்பினர்களுக்காக நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்கான அழைப்பு.

“வேலைய ஒழுங்கா செஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க மாமா. இதுக்குச் சந்தா கட்டி, ஓட்டல் வரைக்கும் போய், நாலு பேருக்குக் கைகொடுக்கணுமா?”

நியாயமான கேள்வி. நம் ஆட்கள் பலரும் இதைக் கேட்டுவிட்டுப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அதனால் பொறுமையாகச் சொன்னேன்.

முதலில் யார் யாரென்று தெரிய வேண்டும். 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய், எரிவாயு வளத்தைப் பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. ஆனால் எண்ணெயை ஒரே கை எடுத்துவிடுவதில்லை. துளையிட ஒரு கம்பெனி, குழாய் பற்றவைக்க ஒன்று, வால்வு சோதிக்க ஒன்று, சாயம் பூச, சாரம் கட்ட, சோறு போட என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வேண்டும். இப்படிச் சேவை செய்கிறவர்கள் ஒன்றுகூடத்தான் மலேசிய எண்ணெய், எரிவாயுச் சேவை மன்றம் 2003இல் உருவானது. இப்போது அதன் பெயரில் எரிசக்தியும் சேர்ந்துவிட்டது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள மாலை நிகழ்ச்சிகள் நடத்துவது இத்தகைய சங்கங்களின் அன்றாட வேலை.

அடுத்தது, வேலை எந்த வழியாக இறங்கி வருகிறது என்பது. நம் ஜொகூரிலேயே பெங்கெராங் இருக்கிறது. பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சரிபாதியாக வைத்திருக்கும் அந்தச் சுத்திகரிப்பு ஆலை ஒரு நாளைக்கு 3,00,000 பீப்பாய் கச்சா எண்ணெயைக் கையாளக்கூடியது. இப்படிப்பட்ட ஆலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, திறந்து, துருவிப் பார்த்து, சில வாரங்களுக்குள் மூடியாக வேண்டும். அதைத்தான் ஷட்டவுன் என்கிறோம். பெரிய ஒப்பந்தக்காரர் அதை எடுப்பார், துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார். சாரம் கட்டுகிற சின்னக் கம்பெனி வருவது மூன்றாவது படியில். அந்தப் படிக்குப் பெரும்பாலும் டெண்டர் விளம்பரம் வராது, போன்தான் வரும்.

“அப்போ ஆள் தெரிஞ்சாத்தான் வேலை. சிபாரிசுதானே இது?”

இல்லை என்றேன். “கார்ல சாரத்துல மாட்டுற அட்டை இருக்கா? எடுத்துட்டு வா.”

கொண்டு வந்தான். சாரத்தின் ஏணி அடியில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒன்றும் இல்லாதபோது, ஏறக் கூடாது என்ற சிவப்புக் குறி தெரியும். சோதித்தவர் கையெழுத்துப் போட்ட பச்சை அட்டையைச் செருகினால் சிவப்பு மறையும். அட்டையில் அவர் பெயர், தேதி, சாரம் தாங்கும் எடை. வாரம் ஒருமுறையாவது மறுபடி சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

“அறுபது அடி உயரத்துல ஏறுற வெல்டர் உன்னைப் பார்த்ததே இல்ல. எத நம்பி ஏறுறான்?”

“கையெழுத்த நம்பித்தான்.”

இந்தத் தொழிலில் எல்லாமே அப்படித்தான். 2020 மார்ச் 15 அன்று பெங்கெராங் ஆலையில் நடந்த வெடிப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குள் ஆள் அனுப்புகிறவர், முகம் தெரியாத கம்பெனியைக் காகிதத்தை மட்டும் பார்த்துக் கூப்பிடத் தயங்குவார். தகுதி இல்லாதவனைத் தெரிந்தவன் என்பதற்காக உள்ளே தள்ளிவிடுவது சிபாரிசு. தகுதி உள்ளவன் தன்னை நாலு பேர் நேரில் எடைபோடும்படி முன்னால் வந்து நிற்பது அறிமுகம்.

நமக்கு இது இன்னும் முக்கியம். பெட்ரோனாஸ் உரிமத்தில் பல வேலைப் பிரிவுகளுக்குப் பூமிபுத்ரா பங்கு நிபந்தனை உண்டு. அதனால் இந்தியர்களின் சிறு கம்பெனிகள் பல, துணை ஒப்பந்தம் என்ற கதவு வழியாகத்தான் நுழைய முடிகிறது. அந்தக் கதவைத் திறப்பது பழக்கம். தோட்டத்தில் இருந்தவரை நமக்குக் கோயிலும் பால்மரக் காடும் பழக்கம் தந்தன. தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகள் அதைப் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேடுவது நமக்குப் புதிதும் அல்ல. நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கற்பூர வணிகத்துக்குப் பேர்போன துறைமுகம் அது. திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, கப்பலில் வருகிறவர்கள் எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்று முடிவெடுத்துக் கல்லில் வெட்டினார்கள். கடல் கடந்து போனவர்கள், தனித்தனியாக நின்றால் தாங்காது என்று அப்போதே அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது தே தாரிக் வந்தது. போனால் என்ன செய்வது என்று கேட்டான்.

போவதற்கு முன்பே படிக்க வேண்டும். வரும் ஆண்டுகளில் என்னென்ன வேலை எதிர்பார்க்கலாம் என்று பெட்ரோனாஸ் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் உன் தொழிலைத் தொடும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போ. முன்வரிசைப் பெரிய மனிதரோடு படம் எடுக்க முண்டியடிக்காதே. களத்தில் ஆள் அமர்த்துகிற மேலாளர் யாரென்று விசாரி. உன்னைப் போலவே சாரம் கட்டுகிறவரையும் போட்டியாளர் என்று ஒதுக்காதே. அவருக்கு ஆள் குறையும் நாளில் முதல் போன் உனக்கு வரலாம். மறுநாள் காலையில் ஒரு வரி நன்றி அனுப்பு.

இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. போட்டியாளரோடு விலையையோ, எந்த டெண்டர் யாருக்கு என்பதையோ பேசவே கூடாது. 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தை மீறும் செயல் அது. கம்பெனியின் மொத்த விற்பனையில் 10 விழுக்காடு வரை அபராதம் வரலாம். வேலைக்காகக் கையூட்டும் கூடாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உன் ஆள் கொடுத்தாலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும்.

“சரி, அங்க நின்னு என்னன்னு பேச ஆரம்பிக்கிறது?”

“நான்தான் அந்த மேலாளர். சொல்லு.”

கூச்சத்தோடு எழுந்தான். “யோங் பெங்லருந்து வர்றேன். சாரம் கட்டுறோம். எவ்வளவு பெரிய வேலையா இருந்தாலும் செஞ்சுடுவோம்.”

மேசையில் கிடந்த அட்டையைத் தட்டிக் காட்டினேன். தாங்கும் எடையை எழுதாத அட்டையை யாராவது நம்புவார்களா?

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். “பன்னெண்டு பேர் இருக்கோம். எல்லாருக்கும் பாதுகாப்புப் பாஸ் இருக்கு. அம்பது பேர் கேட்டா இப்ப எங்களால முடியாது. பன்னெண்டு பேர் வேலைய நம்பிக் கொடுக்கலாம்.”

நான் மேலாளராக இருந்திருந்தால், அவன் எண்ணை அங்கேயே வாங்கி வைத்திருப்பேன்.