ஒரே சீட்டில் இரு மாத்திரைகள்

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் முடக்குவாதச் சிகிச்சைக்காக நம் மருத்துவமனைக்கு வருவோர், சீட்டைக் காட்டிக் கேட்பதுண்டு: “இது புற்றுநோய் மருந்தாமே, எனக்கெதற்கு? கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்து மாத்திரை வேறு எதற்கு?” மெதோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் என்னும் அவ்விரண்டின் வரலாற்றிலும் நாம் காணும் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். உண்ட உணவு உடலில் ஒட்டாத குடல்நோய்க்குச் சகோதரர் இருவரை இழந்தவர். 1923இல் பாஸ்டன் சென்றார், தாயகம் திரும்பவேயில்லை. உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏடிபி என்னும் பொருளை, ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து அங்கே கண்டறிந்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டிஇசி மாத்திரையும் பின்னாளில் அவர் வழிநடத்திய ஆய்வில் விளைந்ததே.

பம்பாய் ஆலைப் பெண்களின் பேறுகாலச் சோகையை ஈஸ்ட்டிலுள்ள ஒரு சத்து தீர்ப்பதாக லூசி வில்ஸ் 1931இல் எழுதினார். அச்சத்தே ஃபோலிக் அமிலம். அதனைச் சுப்பாராவின் குழு 1945இல் ஆய்வகத்தில் ஆக்கியது. அவருடைய சகோதரர்களைக் கொண்ட நோய்க்கும் அது மருந்தாயிற்று.

உயிரணு இரண்டாகப் பிரிய இச்சத்து வேண்டும். ஓயாது பெருகும் புற்றணுவுக்கோ மிகுதியாக வேண்டும். திண்டுக்கல் பூட்டில் போலிச் சாவி சிக்கிக்கொண்டால் உரிய சாவி நுழையாதல்லவா? ஃபோலிக் அமிலத்தைச் சற்றே மாற்றி அத்தகைய போலிச் சாவியைச் செய்தனர். அமினோப்டெரின் என்னும் அம்மருந்தைச் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948இல் அவர் அறிவித்தார். தணிவு தற்காலிகமே, எனினும் பெற்றோர் அதற்குமுன் அதையும் கண்டதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார்.

மெதோட்ரெக்சேட் அமினோப்டெரினின் தம்பி. முடக்குவாதத்திற்குத் தரும் அளவு மிகக் குறைவு. அழற்சியைத் தணிப்பதே அதன் பணி. வாய்ப்புண் முதலிய பக்கவிளைவுகளைக் குறைக்கவே ஃபோலிக் அமிலம் உடன் தரப்படுகிறது.

இம்மருந்து வாரத்தில் ஒரே நாள் உண்ணத் தக்கது. தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். முதியவர்க்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ, அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கருவுற்றிருப்போரும் குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோரும் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். கூடுதலாக உண்டுவிட்டால் வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரட்டுமென்று காத்திராமல், மாத்திரை அட்டையுடன் உடனே வாருங்கள். அதற்கு முறிவாக நாங்கள் செலுத்துவது ஃபோலினிக் அமிலம். அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.