உள்ளே ஒரு நர்ஸ்: சிறை மருத்துவமனை எப்படி இயங்குகிறது?

பெங்களூரின் பரப்பன அக்ரஹாரா எங்கே இருக்கிறது என்று தமிழ் வாசகருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. 2014இல் ஜெயலலிதா இருந்த சிறை. 2017இலிருந்து 2021 வரை சசிகலா இருந்த சிறை. பெரிய மனிதர்களுக்கு உள்ளே என்னென்ன வசதி கிடைத்தது என்பதுவரை பேசித் தீர்த்துவிட்டோம். பெயர் தெரியாத கைதிக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் முதலில் ஓடி வருவது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எந்தச் சிறையாக இருந்தாலும், பெரும்பாலும் அது டியூட்டியில் இருக்கிற நர்ஸ்தான்.

அந்த வேலை நடக்கிற விதம் புரிய, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ருசி சமையல்காரர் கையில். கல்யாணம் குலையாமல் நடப்பதோ சாமான் அறையான உக்கிராணத்தின் கையில். சாவி, நோட்டு, எதை எடுத்தாலும் எழுதி எடுக்கிற கண்டிப்பு. சிறை நர்ஸ் பாதி நேரம் பந்தி பரிமாறுகிறவர், பாதி நேரம் உக்கிராணக்காரர்.

முதலில் பந்தி வாசல். யாருக்குச் சர்க்கரை, யார் பூண்டு தொடமாட்டார் என்பது இலை போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதுபோலப் புதிதாக உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் உடனே பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இருமல், பெண்ணென்றால் கர்ப்பமா, வெளியே என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா. தினமும் குடித்து வந்தவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கைதான நேரத்தில் நன்றாகத்தான் இருப்பார். குடி நின்ற முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

உடம்பில் இருக்கிற காயங்களையும் எழுதியாக வேண்டும். எந்த இடம், எவ்வளவு நீளம், புதிதா பழையதா. காவல் நிலையத்தில் அடி விழுந்ததா என்ற கேள்வி பின்னால் நீதிமன்றத்தில் எழுந்தால், அந்தப் பதிவுதான் பேசும். கையெழுத்து மருத்துவருடையது, பக்கத்தில் நின்று பார்த்து, அளந்து, குறித்துக் கொடுப்பது பெரும்பாலும் நர்ஸ். இந்த உத்தியோகத்திலேயே கனமான வேலை இதுதான் என்பேன். ஊசி போட யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அடுத்தது உக்கிராணம். வெளியே மாத்திரையைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. இங்கே விழுங்குவதைப் பார்க்க வேண்டும். நாக்குக்கு அடியிலும் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை உள்ளே பண்டமாற்றுக்கு உதவும். சேர்த்து வைத்து ஒரேயடியாக விழுங்குகிறவரும் உண்டு. ஊசி, பிளேடு, கத்தரிக்கோல் எல்லாம் ஷிப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டியவை. மண்டபத்தில் கரண்டி ஒன்று குறைந்தால் முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். இங்கே பிளேடு ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை.

பந்தி பாதியில் எழுந்து போகிறவர்களும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்தால் ஆள் கிளம்பிவிடுவார். காசநோய்க்கு ஆறு மாத மருந்து; மூன்றாம் மாதமே ஜாமீன் கிடைத்தால்? காசநோயாளிகளைப் பதிவு செய்கிற அரசுத் தளமான நிக்ஷயில் அவருக்குள்ள எண்ணை எழுதிக் கொடுத்து, அவர் ஊர்க் காசநோய்ப் பிரிவுக்கும் தகவல் சொன்னால்தான் மீதி மாத்திரை அங்கே தொடரும். இல்லையென்றால் பாதி வைத்தியம், மருந்துக்கு அடங்காத கிருமி, வீட்டில் எல்லோருக்கும் இருமல்.

மனநோய் தனிக் கதை. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பரப்பன அக்ரஹாராவிலேயே 5,024 பேரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டார்கள். போதைப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நாலில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, சிறையில் மனநோய் உள்ள கைதி எவரும் இல்லை என்று மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்று அனுப்ப வேண்டும் என்கிறது. அப்படிப்பட்டவரைச் சிறையின் மனநலப் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவரின் மனநிலையை யார் சோதிப்பது?

இலை போடுகிறவர் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்பதில்லை. நர்ஸும் என்ன வழக்கு என்று கேட்பதில்லை. ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள் இதையே வேறுவிதமாகச் சொல்கின்றன: வெளியே கிடைக்கிற அதே தரத்தில் உள்ளேயும் வைத்தியம், தண்டனை கொடுப்பதில் மருத்துவப் பணியாளருக்குப் பங்கு கூடாது, வைத்திய முடிவைச் சிறை அதிகாரி மாற்றக்கூடாது. கைதிகளின் உடல்நலப் பேச்சில் பெங்களூருக்குப் பழைய தொடர்பு உண்டு. 1984இல் இங்கிருந்த மத்தியச் சிறையின் கைதி ஒருவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்காகி, 1996இல் ராமமூர்த்தி எதிர் கர்நாடக அரசு என்ற தீர்ப்பாக வந்தது. சிறைகளின் ஒன்பது பிரச்சினைகளை எண்ணிய அந்தத் தீர்ப்பில் உடல்நலப் புறக்கணிப்பும் ஒன்று. அந்தப் பழைய சிறை இருந்த இடம்தான் இன்றைய ஃப்ரீடம் பார்க்.

சரி, இந்த வேலைக்கு யார் வருகிறார்கள்? பெரும்பாலும் சுகாதாரத் துறையிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள். விரும்பி வரவைக்க, அமெரிக்காவில் மண்டபக்காரரே பரிமாறுகிறவரின் கடனை அடைக்கிற ஏற்பாடு இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள், சிறைத்துறை உட்பட, ஊழியரின் கல்விக் கடனில் ஆண்டுக்கு 10,000 டாலர்வரை, மொத்தம் 60,000 டாலர்வரை கட்டலாம். குறைந்தது மூன்று வருஷம் அதே துறையில் நிற்க வேண்டும்; இடையில் விட்டுப் போனால் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும். இது தவிர, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச் சேவையில் இருந்துகொண்டே 120 தவணை கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடி.

நம் ஊர்ச் சலுகைகள் படிப்போடு கட்டியவை. பார்க்கிற வேலையோடு அல்ல. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதன்பின் ஒரு வருஷத்துக்கும் கல்விக் கடன் வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் 2009இலிருந்து இருக்கிறது. 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம், தரவரிசையில் முன்னால் இருக்கிற கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும். வேலைக்கு வந்த பிறகு, பழைய வருமான வரி முறையில் இருப்பவர் வட்டியை எட்டு ஆண்டுகள்வரை கழித்துக்கொள்ளலாம். சிறையில் வேலை பார்த்தாலும் கார்ப்பரேட் மருத்துவமனையில் வேலை பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கர்நாடகம் மருத்துவம் படித்தவர்களுக்குக் கட்டாயச் சேவை என்று 2012இல் சட்டமே போட்டது. நர்ஸ்களுக்குக் கட்டாயத்துக்குப் பதில் கடனைத் தொட்டுப் பார்க்கலாம்: மூன்று வருஷம் சிறை மருத்துவமனை, அந்தக் காலத்துத் தவணையை அரசு கட்டும். நாலு வருஷம் பி.எஸ்.சி. நர்சிங் முடித்த பெண்ணுக்குச் சலுகைக் காலம் ஒரு வருஷம்தான். அதற்குள் அரசு வேலை அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால், தனியார் மருத்துவமனைச் சம்பளத்தில் தவணை கட்டிக்கொண்டே அயர்லாந்துக்கோ வளைகுடாவுக்கோ போகத் தேர்வு எழுதத் தொடங்குவாள். பரப்பன அக்ரஹாரா அவள் பட்டியலிலேயே இருக்காது.