மீன் தொட்டியில் ஒரு சுண்ணாம்புக் கணக்கு

கடல்நீர்த் தொட்டியில் பவள உயிரிகளை வளர்ப்போர், பாறைகளின் மீதும் கண்ணாடியின் மீதும் படரும் ஒரு மெல்லிய ஓட்டைக் கண்டு மகிழ்வர். இளஞ்சிவப்பும் ஊதாவுமான அது சாயம் பூசியது போல் தோன்றும். நகத்தால் சுரண்டினால் கல்லாக இருக்கும். கல்லா, உயிரா? லின்னேயஸ் இவ்வினத்தை விலங்குகளோடு சேர்த்திருந்தார். 1837-ல் பிலிப்பி என்ற ஜெர்மன் அறிஞர் இதைத் தாவர இனமாகக் கொண்டு விவரித்தார். கோரலைன் பாசி எனப்படும் இது செம்பாசிகளில் ஒரு பிரிவு. செல் சுவர்களில் சுண்ணாம்பைப் படியவைத்துக் கொள்வதால் சுண்ணாம்புப் பாசி என்றும் அழைக்கலாம்.

நன்றாகப் படர்ந்திருந்த இப்பாசி சில தொட்டிகளில் மெல்ல வெளிறத் தொடங்கும். காரணம் என்ன?

எது முதலில் தீரும்?

சுண்ணாம்பு என்பது கால்சியம் கார்பனேட். ஆகவே கால்சியம் குறைந்துவிட்டது என்றே எண்ணத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அந்நீரின் காரத்தன்மையைப் பைகார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 140 மில்லிகிராம். சுண்ணாம்பு படியும்போது ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் அயனிகள் செலவாகின்றன. எடையில் சொன்னால், 20 மில்லிகிராம் கால்சியத்துக்கு 61 மில்லிகிராம் பைகார்பனேட். இந்த அளவு செலவானதும் கால்சியம் 390 ஆகும். இழப்பு 5 சதவீதமே. பைகார்பனேட்டோ 79-க்கு இறங்கிவிடும். இழப்பு 40 சதவீதத்துக்கும் மேல்!

கால்சியத்தை மட்டும் அளப்பவர் குறையேதும் இல்லை என்றே நினைப்பார். அரிசி மூட்டை நிறைந்திருந்தும் உளுந்து தீர்ந்துவிட்டால் இட்லிக்கு மாவு அரைக்க முடியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். எனவே காரத்தன்மையையும் தவறாமல் அளந்து வரவேண்டும்.

தெளிந்த சுண்ணாம்பு நீர்

இரண்டையும் சரியான விகிதத்தில் ஈடுசெய்யும் பொருள் பள்ளி ஆய்வகத்திலேயே உள்ளது. அதுதான் தெளிந்த சுண்ணாம்பு நீர். இதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, தொட்டிநீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து, ஒரு கால்சியத்துக்கு இரண்டு பைகார்பனேட் வீதம் தருகிறது. இதன் பி.எச். மதிப்பு 12-க்கும் மேல். ஆகவே ஆவியாகிப்போன நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாகவே விடவேண்டும். இரவு நேரம் ஏற்றது. அப்போது ஒளிச்சேர்க்கை நின்று, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, பி.எச். இறங்கியிருக்கும்.

மக்னீசியத்தையும் மறக்கலாகாது. லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் இருக்கும் அதுவே, சுண்ணாம்பு தானாகப் படிந்து வீணாகாமல் தடுக்கிறது. பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்புப் படிகங்கள் வளர்வது தடைப்படும். இழைப்பாசிகளும் மண்டி ஒளியை மறைக்கும். அவற்றை மேய்ந்து தீர்க்கச் சில நத்தைகள் போதும்.

மங்கிய ஒளியே போதும்

கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் உறிஞ்சிவிடும். நீல ஒளி ஆழம்வரை செல்லும். இப்பாசியின் சிவப்பு நிறமியான பைக்கோஎரித்ரின், நீலப்பச்சை ஒளியை வாங்கிப் பச்சையத்துக்குக் கொடுக்கிறது. 1984-ல் பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே 268 மீட்டர் ஆழத்திலும் இவ்வினப் பாசி உயிரோடு காணப்பட்டது. ஆகவே தொட்டியில் திடீரென்று வலிய விளக்கைப் பொருத்தினால் பாசி வெளுத்துவிடும். ஒளியைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

பெருங்கடலின் நிலை

கடலில் இப்பாசி உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டைப் போல ஒட்டவைக்கிறது. பவள இளம் உயிரிகள் பல இதன்மீதே அமர்கின்றன. மன்னார் வளைகுடாவிலும் இது உண்டு.

தொழிற்புரட்சிக்குப் பின் காற்றில் மிகுந்த கார்பன் டை ஆக்சைடு, கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பை ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்கு இறக்கியுள்ளது. சிறு மாற்றமா? பி.எச். மடக்கை அளவீடு என்பதால் 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் 26 சதவீதம் கூடிவிடும். மக்னீசியம் கலந்த இப்பாசியின் சுண்ணாம்பு, பவளத்தின் சுண்ணாம்பைவிட எளிதில் கரையக்கூடியது. எனவே அமிலம் மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று.

தொட்டிக்கு நாம் சுண்ணாம்பு நீர் விடலாம். பெருங்கடலுக்கு விட இயலாது. எரிபொருள் புகையைக் குறைப்பதே அங்கு வழி.