சோதிப்பவரும் பதில் சொல்ல வேண்டும்

பள்ளிக்கூடத்திற்கு ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால், முதல் நாளே சுவர்கள் துடைக்கப்படும். பாடக்குறிப்பேடுகள் வரிசையாக அடுக்கப்படும். வாய்ப்பாடு நன்றாகச் சொல்லும் பிள்ளைகள் முன் வரிசைக்கு வந்துவிடுவார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில காலம் வகுப்பறையில் நின்ற நாம் இதனை நேரில் கண்டிருக்கிறோம். வந்த ஆய்வாளர் தாம் பார்த்ததை நேர்மையாகவே எழுதிச் செல்வார். ஆயினும் அவர் பார்த்தது ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். அவர்கள் மாலையில் வீட்டிற்குச் சென்று பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள்.

ஆனால், தனக்கு நேர்வதை எடுத்துச் சொல்லத் தெரியாத ஒருவர், வீட்டிற்குத் திரும்ப முடியாத ஓர் இடத்தில் இருந்தால் அவருக்காக யார் சொல்வது? சொன்னாலும் யார் கேட்பது? கேட்டும் செயற்படாதவரை யார் கேள்வி கேட்பது? பிரிட்டனில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இக்கேள்விகள் திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. அந்நாட்டின் அனுபவத்தை நாம் அறிந்துகொள்வது நன்று.

யாரைப் பற்றிய செய்தி இது?

பிரிட்டனில் 'கற்றல் குறைபாடு உடையோர்' என்று கூறும்போது, எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைக் குறிப்பதில்லை. பிறவியிலிருந்தோ இளம் பருவத்திலிருந்தோ அறிவு வளர்ச்சி குன்றி, புதியவற்றைப் புரிந்துகொள்ளவும் அன்றாட வாழ்வைத் தாமே நடத்தவும் பிறர் துணையை நாடுவோரையே அச்சொல் குறிக்கிறது. இது மனநோய் அன்று. இவர்களுக்கும் நம் அனைவரையும் போலவே பல்வலி வரும், குடல்வால் வீங்கும், புற்றுநோயும் வரலாம்.

வேறுபாடு ஒன்றே. வலிக்கிறது என்பதைச் சொற்களால் சொல்ல இவர்களுள் பலரால் இயலாது. ஒருவர் தம் தலையில் தாமே அடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காதில் சீழ் வைத்திருக்கலாம். கடைவாய்ப் பல் சொத்தையாகியிருக்கலாம். மருத்துவரோ, "இது இவருடைய குறைபாட்டின் இயல்பு" என்று முடிவு செய்து அனுப்பிவிடக்கூடும். குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துவிடுகிறது. உயிரிழப்புகள் பலவற்றுக்கு இதுவே தொடக்கம்.

ஈலி மருத்துவமனை

1967-ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரிலிருந்த ஈலி மருத்துவமனையைப் பற்றி ஞாயிறு செய்தித்தாள் ஒன்றில் செய்தி வெளிவந்தது. நோயாளிகள் முரட்டுத்தனமாக நடத்தப்படுகிறார்கள், அவர்களுக்கு உரிய பொருள்கள் களவு போகின்றன என்று அங்குப் பணியாற்றிய தாதியர் உதவியாளர் ஒருவர் தெரிவித்திருந்தார். வழக்கறிஞர் ஜெப்ரி ஹௌ தலைமையில் விசாரணை நடைபெற்றது. பின்னாளில் அந்நாட்டின் நிதியமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கியவர் இவர்.

விசாரணையில் குற்றச்சாட்டுகள் பலவும் உறுதிப்பட்டன. இத்தகைய அறிக்கைகளைச் சுருக்கி வெளியிடுவது அலுவலகங்களுக்கு எளிதான வழி. அப்போது பொறுப்பிலிருந்த அமைச்சர் ரிச்சர்ட் குரோஸ்மன் அவ்வாறு செய்யவில்லை. 1969 மார்ச் மாதம் அறிக்கையை முழுமையாகவே வெளியிட்டார். அதே ஆண்டில் மருத்துவமனைகளைப் பார்வையிட ஒரு தனி அமைப்பையும் தோற்றுவித்தார். 'சோதனை' என்ற சொல் மருத்துவத் துறையினருக்கு உவப்பாக இராது என்பதால் அதற்கு 'மருத்துவமனை ஆலோசனைச் சேவை' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மென்மையானதே, ஆயினும் அது கண்டதை நேராக அமைச்சருக்கே தெரிவித்தது.

1971-இல் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பெரிய மருத்துவமனைகளில் அடைந்து கிடப்போரின் எண்ணிக்கையைக் காலப்போக்கில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, அவர்களை ஊர்களிலேயே வாழ வைப்பது அதன் நோக்கம். ஈலி மருத்துவமனையும் 1996-இல் மூடப்பட்டது.

பொறுப்பு எவ்வாறு ஏறிச் செல்கிறது?

இன்று இங்கிலாந்தில் பொறுப்பு படிப்படியாக அமைந்திருக்கிறது. வார்டில் பணியாற்றுவோர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவைக் கண்காணிப்பது 2009 ஏப்ரல் முதல் செயற்பட்டுவரும் பராமரிப்புத் தர ஆணையம். மருத்துவமனை அரசாங்கத்துடையதாயினும் தனியாருடையதாயினும் இவ்வாணையத்தில் பதிவு பெறாமல் இயங்க இயலாது. முன்னறிவிப்பின்றிச் சென்று பார்வையிடவும், தர நிலையை அறிவிக்கவும், வழக்குத் தொடரவும், பதிவை நீக்கவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. ஆணையமோ அமைச்சருக்கும் நாடாளுமன்றத்திற்கும் கடப்பாடுடையது. அமைச்சர் நாடாளுமன்றத்தின் வழியாக மக்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஏட்டளவில் இந்த ஏணியில் குறை காண்பது அரிது. எனினும், இரண்டு முறை அது முறிந்த விதத்தைப் பார்ப்போம்.

முறிந்த படிகள்

பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்பார்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. 24 படுக்கைகள் மட்டுமே கொண்டது. ஒரு நோயாளிக்கு வாரத்திற்குச் சராசரியாக 3,500 பவுன் பொதுப் பணத்திலிருந்து செலுத்தப்பட்டது. அங்குப் பணியாற்றிய மூத்த தாதியர் ஒருவர், நோயாளிகள் கொடுமைப்படுத்தப்படுவதை நிர்வாகத்திற்கும் ஆணையத்திற்கும் எழுதித் தெரிவித்தார். பயன் விளையவில்லை. 2011 மே மாத இறுதியில் பிபிசி தொலைக்காட்சி இரகசியமாகப் படம்பிடித்துக் காட்டிய பிறகே நாடு அதிர்ந்தது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. பணியாளர் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர் சிறை சென்றனர்.

பின்னர் நடைபெற்ற ஆய்வில் மற்றொன்றும் தெரிய வந்தது. அங்கிருந்த நோயாளிகள் எழுபதுக்கும் மேற்பட்ட முறை வேறு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். காவல் துறைக்கும் பல முறை தகவல் சென்றிருந்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

தகாத முறையில் மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருப்போர் அனைவரையும் 2014 ஜூன் மாதத்திற்குள் ஊர்ப்புறப் பராமரிப்புக்கு மாற்றுவதாக அரசாங்கம் உறுதி கூறியது. அக்கெடு தவறிப்போயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி டர்ஹம் மாவட்டத்தின் வோர்ல்டன் ஹால் மருத்துவமனையில் நடந்தது. 2015-இல் அங்குச் சென்ற ஆணைய ஆய்வாளர் ஒருவர், பணியாளரிடையே மிரட்டும் போக்கு நிலவுவதாக எழுதினார். அந்த அறிக்கை வெளியிடப்படவில்லை. 2017-இல் அதே மருத்துவமனைக்கு 'நன்று' என்ற தரம் வழங்கப்பட்டது. 2019 மே மாதம் மீண்டும் தொலைக்காட்சியே கொடுமைகளை வெளிக்கொணர்ந்தது. அறிக்கையை வெளியிடாமல் விட்டது தவறு என்று 2020-இல் நடைபெற்ற சுதந்திரமான ஆய்வு கூறியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு முழு அறிக்கை வெளிவந்ததால் ஒரு துறையே திருந்தத் தொடங்கியது. இங்கு ஓர் அறிக்கை மேசையிலேயே தங்கியதால் சிலர் நான்கு ஆண்டுகள் துன்புற்றனர்.

2024-இல் டாக்டர் பென்னி டாஷ் நடத்திய ஆய்வு, ஆணையத்தின் செயற்பாட்டிலேயே பெரும் குறைகளைச் சுட்டிக்காட்டியது. பார்வையிடல்கள் குறைந்துவிட்டன, சில ஆய்வாளர்கள் தாம் சோதிக்கும் துறையில் அனுபவமற்றவர்களாய் இருந்தனர். சோதிப்பவரையும் ஒருவர் சோதிக்க வேண்டும் என்பது இவ்வாறு மெய்ப்பட்டது.

எண்ணப்படாத மரணங்கள்

கொடுமை நடைபெறாத பொது மருத்துவமனைகளிலும் இவர்கள் உயிரிழக்கிறார்கள். 2007-இல் மென்கேப் என்ற அறநிறுவனம், மருத்துவமனைகளில் மாண்ட அறுவரின் வரலாற்றை வெளியிட்டது. சர் ஜோனதன் மைக்கேல் தலைமையில் விசாரணை நடந்து 2008-இல் அறிக்கை வெளிவந்தது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, கற்றல் குறைபாடு உடைய ஆண்கள் மற்றவரைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறக்கின்றனர். ஆராயப்பட்ட மரணங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை நல்ல சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடியவை.

2013 ஜூலை மாதம், வலிப்பு நோயுடைய 18 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சை நிலையத்தின் குளியல் தொட்டியில் துணையின்றி விடப்பட்டு மூழ்கி இறந்தார். அவருடைய குடும்பத்தினர் ஓயாமல் கேள்வி எழுப்பினர். அதன் பயனாக நடைபெற்ற விசாரணையில், அந்நிலையத்தை நடத்திய அமைப்பின் பராமரிப்பில் நான்கு ஆண்டுகளில் இறந்த கற்றல் குறைபாடு உடையோருள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே மரணம் விசாரிக்கப்பட்டது என்று தெரிந்தது. 2018-இல் அவ்வமைப்பிற்கு 20 இலட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. எண்ணப்படாத மரணத்திற்கு எவரும் பதில் சொல்வதில்லை. ஆகவேதான் இத்தகையோரின் மரணங்களை ஆராயும் திட்டம் 2015 முதல் அங்கு நடைபெற்றுவருகிறது.

2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மருத்துவமனைகள் இவர்களுக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும். கூடுதல் நேரம் ஒதுக்குதல், காத்திருக்க அமைதியான இடம் தருதல், உறவினரை உடனிருக்க அனுமதித்தல், எளிய சொற்களில் விளக்குதல் ஆகியவை அவற்றுள் சில. 14 வயதிற்கு மேற்பட்டோருக்கு ஆண்டுதோறும் உடல்நலச் சோதனையும் உண்டு. பணியாளர்களுக்கு இதில் பயிற்சி அளிப்பதை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

நமக்கு என்ன பாடம்?

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் கற்றல் குறைபாடு உடையோரையும் உள்ளடக்கியது. இத்தகைய பிள்ளையோ பெரியவரோ உங்கள் வீட்டில் இருந்தால், சமூகநல இலாகாவில் பதிவு செய்து அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். 'ஊருக்குத் தெரிந்துவிடுமே' என்று தயங்க வேண்டாம். பதிவேட்டில் இல்லாதவரை அரசாங்கமும் காண இயலாது.

மருத்துவமனைக்குச் செல்லும்போது ஒரு தாளில் சிலவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் வலியை எப்படிக் காட்டுவார், எதற்கு அஞ்சுவார், என்ன மருந்து உண்கிறார், வழக்கத்திலிருந்து இன்று என்ன மாறியிருக்கிறது என்பவை அதில் இருக்கட்டும். "இது இவருடைய குணம்தான்" என்று சொல்லப்பட்டால், "நேற்று வரை இப்படி இல்லையே, வலி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்" எனப் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். முறையீடு செய்ய நேர்ந்தால் எழுத்தில் செய்யுங்கள். நாளைக் குறித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈலியிலும் வின்டர்பார்னிலும் உண்மையை முதலில் சொன்னவர்கள் அங்கேயே பணியாற்றிய சாதாரணப் பணியாளர்கள். பிள்ளையை இழந்த பின்னும் கேட்பதை நிறுத்தாதவர்கள் குடும்பத்தினர். சட்டமும் ஆணையமும் வேண்டும்; அவை விழிப்புடன் இருக்க, கேள்வி கேட்கும் மக்களும் வேண்டும். ஆய்வாளர் ஆண்டில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தாம்.